எட்டிக் குதிக்க எத்தனை கட்டம்? பிளாட்பார்ம் கேமில் ஒரு லெவலை அடுக்கும் விதம்

கேம் செய்யப் பழகும் பிள்ளைகளிடம் "லெவல் எடிட் பண்ணுவியா?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "எனக்குப் படம் வரைய வராது" என்பார்கள். இல்லாவிட்டால் "கோடிங் இன்னும் படிக்கலை" என்பார்கள். லெவல் எடிட்டிங் இந்த இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிற வேலை. பாறை, மரம், முள் எல்லாம் வரைந்த படங்களாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓடுவதற்கும் குதிப்பதற்குமான நிரலும் தொடக்கநிலைக் கருவிகள் சிலவற்றில் மாதிரியாகவே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: எது எங்கே இருக்க வேண்டும்? அதற்கு விடை சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

அந்த அளவுகோல் எது என்பதில்தான் குழப்பம். "பார்க்க நல்லா இருக்கிற மாதிரி வை" என்றுதான் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி வைத்த லெவல் படத்தில் அழகாக இருக்கும். ஆடிப் பார்த்தால் மூன்றாவது பாறையிலேயே நின்றுபோகும்.

## படித்துறை கட்டிய கணக்கு

திருநெல்வேலியின் குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றுக்கு இறங்கும் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படித்துறையானாலும் படியின் உயரத்துக்கு அளவு, நனைந்த துணியோடும் நிறைகுடத்தோடும் ஏறி வருகிறவரின் கால்தான். நடுவில் ஒரே ஒரு படி மட்டும் இரண்டு மடங்கு உயரமாக இருந்துவிட்டால் வயதானவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். மற்ற படிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

பிளாட்பார்ம் கேமுக்கும் இதே கணக்கு. பக்கவாட்டில் இருந்து பார்க்கும் உலகில், ஒரு பாத்திரம் ஓடி, தாவி, ஒரு தளத்தில் இருந்து அடுத்த தளத்துக்குப் போகும் விளையாட்டுக்குப் பிளாட்பார்ம் கேம் என்று பெயர். 1981-இல் வந்த டாங்கி காங், 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆகியவை இந்த வகையின் மூத்தவை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் ஆடும் ஒரு பகுதிதான் லெவல். அந்த லெவலில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தின் அகலமும் ஒவ்வொரு மேட்டின் உயரமும் பாத்திரத்தின் தாவலை வைத்து முடிவாக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

## கோலப்புள்ளியும் கட்டமும்

கையை வீசிக் கண்டபடி இழுத்தால் கோலம் கோணிப்போகும். அதனால் முதலில் புள்ளி வைக்கிறோம். லெவல் எடிட்டரிலும் திரை முழுக்கக் கண்ணுக்கு மெலிதாகத் தெரியும் சதுரங்கள் இருக்கும். அந்தச் சதுர வலைக்குக் கட்டம் என்று பெயர். எடிட்டரில் கிரிட் என்று இருக்கும். ஒரு சதுரத்தில் சரியாகப் பொருந்தும் சிறு படத்துண்டு டைல். பழைய கேம்களின் தோற்றம் வேண்டுமென்றால் ஒரு டைலை 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் என்று வைப்பது நெடுநாள் வழக்கம். பிக்சல் என்பது திரையின் மிகச் சிறிய புள்ளி. இந்தக் கட்டுரையில் இனி "ஒரு கட்டம்" என்றால் 16 பிக்சல்.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண் உண்டு. இடமிருந்து வலமாக எவ்வளவு என்பது எக்ஸ். மேலும் கீழுமாக எவ்வளவு என்பது ஒய். பள்ளிக்கூடத்தில் ஒய் மேலே போகப் போகக் கூடும் என்று படித்திருப்போம். கேம் செய்யும் கோடோ (Godot), லெவல் வரைபடம் அடுக்கும் டைல்டு (Tiled) போன்ற கருவிகளில் அது தலைகீழ்: இடது மேல் மூலைதான் பூஜ்யம், கீழே இறங்க இறங்க ஒய் கூடும். பிள்ளைகள் கோடிங் பழகும் ஸ்கிராட்ச் (Scratch) கருவியோ பள்ளிக்கூடக் கணக்கையே வைத்திருக்கிறது. அதன் மேடை 480 பிக்சல் அகலம், 360 பிக்சல் உயரம். பூஜ்யம் நடு மையத்தில். ஸ்கிராட்சில் பழகிவிட்டு கோடோவுக்கு மாறுகிறவர்கள் முதல் நாள் ஒரு மரத்தை மேலே ஏற்றுவதாக நினைத்து மண்ணுக்குள் இறக்குவது இதனால்தான்.

எடிட்டரில் "ஸ்நாப்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், இழுத்து விடுகிற எதுவும் பக்கத்துக் கட்டத்தில் தானாகப் போய் உட்காரும். தொடக்கத்தில் அதை அணைக்கவே வேண்டாம். அணைத்துவிட்டு வைத்த பாறை 160-க்குப் பதில் 161.5-இல் நிற்கும், நிறுத்திப் பார்த்தால் தெரியாது, கேமரா, அதாவது திரையில் தெரியும் பகுதி, நகரும்போது இரண்டு டைலுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு மின்னி மின்னி மறையும்.

## எது டைல், எது ஆப்ஜெக்ட்

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வயலும் வரப்பும் டைல் மாதிரி. இருந்த இடத்திலேயே இருக்கும், தனக்கென்று எந்தக் குணமும் இல்லை. அந்த வரப்பில் மேய்கிற ஆடு ஆப்ஜெக்ட் மாதிரி. நகரும், முட்டும், விரட்டினால் ஓடும். தன் இடத்தையும் தன் குணங்களையும் தானே வைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்குத்தான் ஆப்ஜெக்ட் என்று பெயர்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது ஆட்டத்தின் நடுவில் நகருமா, மாறுமா, மறையுமா, தொட்டால் ஏதாவது செய்யுமா? ஆமாம் என்றால் ஆப்ஜெக்ட், இல்லையென்றால் டைல். மண், பாறை, கல்படி டைல். எடுத்தால் மறைகிற நுங்கு, ஆற்றில் போய்வருகிற தெப்பம், திறக்கிற கதவு எல்லாம் ஆப்ஜெக்ட். தரையையே நூறு ஆப்ஜெக்ட்களாக வைக்கிறவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் ஒரு வரிசையை ஒரு கட்டம் கீழே இறக்க நூறையும் தேடிப் பிடித்து நகர்த்த வேண்டும். டைலாக வைத்திருந்தால் தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

ஆப்ஜெக்டில் இன்னொரு சங்கதி உண்டு. செங்கல் சூளையில் ஒரே அச்சில் ஆயிரம் கல் அறுப்பார்கள் இல்லையா? எடிட்டரிலும் "நுங்கு" என்று ஒரு மூல அச்சைச் செய்துவைத்து, அதில் இருந்து வேண்டிய அளவு நகல்களை லெவலில் வைப்பார்கள். செங்கல்லுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அச்சைத் திருத்தினால் ஏற்கெனவே அறுத்த கல் மாறாது, இங்கே மூலத்தைத் திருத்தினால் லெவலில் உள்ள அத்தனை நகலும் உடனே மாறும். நுங்கின் நிறம், சத்தம், மதிப்பு மூலத்தில் மாற்ற வேண்டியவை. எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவை நகலுக்கு நகல் மாறுபவை. எல்லா முள்ளும் ஒரே நாளில் பெரிதாகிவிட்டது என்று திகைக்கிறவர், ஒரு நகலைத் திருத்துவதாக நினைத்து மூலத்தைத் திருத்தியிருப்பார்.

இதுவரை மூன்று சொற்கள்: இடத்தை அளக்கும் கட்டம், அசையாத டைல், குணமுள்ள ஆப்ஜெக்ட். இவற்றை எவ்வளவு தள்ளித் தள்ளி வைப்பது என்பதுதான் இனி.

## தாவலின் கணக்கு

நம் பாத்திரத்துக்குப் பேச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பேச்சியின் உடம்பு 12 பிக்சல் அகலம், 22 பிக்சல் உயரம். ஓடும் வேகம் நொடிக்கு 96 பிக்சல், அதாவது 6 கட்டம். தாவும்போது மேல்நோக்கிய தொடக்க வேகம் நொடிக்கு 240 பிக்சல். ஈர்ப்பு, அதாவது கீழே இழுக்கும் விசை, ஒவ்வொரு நொடியும் அந்த வேகத்தில் 720 பிக்சலைக் குறைத்துக்கொண்டே வரும்.

உயரம் எவ்வளவு? தொடக்க வேகத்தை அதாலேயே பெருக்கி, ஈர்ப்பின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 240-ஐ 240-ஆல் பெருக்கினால் 57,600; அதை 1,440-ஆல் வகுத்தால் 40 பிக்சல். அதாவது இரண்டரைக் கட்டம். காற்றில் இருக்கும் நேரம், வேகத்தின் இரண்டு மடங்கை ஈர்ப்பால் வகுத்தால் வரும்: 480-ஐ 720-ஆல் வகுத்தால் ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த நேரத்தில் பேச்சி கடக்கும் தூரம் 64 பிக்சல், அதாவது 4 கட்டம்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இதைக் கையால் அளந்தும் பார்க்கலாம். சமதரையில் 2, 3, 4, 5 கட்ட அகலத்தில் வரிசையாகப் பள்ளம் வைத்து, பக்கத்தில் 1, 2, 3 கட்ட உயரச் சுவர்களை நிறுத்தி, பேச்சியை ஓடவிடுங்கள். எது முடிகிறது, எது முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல். லெவல் செய்யத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். பாதி லெவல் முடிந்தபிறகு ஈர்ப்பையோ வேகத்தையோ மாற்றினால் வைத்த பள்ளம் எல்லாம் பொய்யாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். 4 கட்டம் என்பது புறப்படும் தரையும் சேரும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டும்தான். சேரும் பாறை 1 கட்டம் உயரமாக இருந்தால் பேச்சி கடக்கும் தூரம் 57 பிக்சலாகக் குறையும், அதாவது மூன்றரைக் கட்டம். 2 கட்டம் உயரமாக இருந்தால் 46 பிக்சல். 3 கட்டம்கூடத் தேறாது. சேரும் இடம் 3 கட்டம் தாழ்ந்திருந்தால் ஏறக்குறைய 80 பிக்சல், 5 கட்டம். காரணம் எளிது. உயரமான இடத்தில் கால் சீக்கிரமே படுகிறது, காற்றில் இருக்கும் நேரம் குறைகிறது. தாழ்வான இடத்தில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. "அதே மூணு கட்டப் பள்ளம்தானே, அங்கே தாண்டுது, இங்கே ஏன் தாண்ட மாட்டேங்குது?" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

தலைக்கு மேல் இருப்பதையும் பார்க்க வேண்டும். பேச்சியின் உயரம் 22, தாவல் 40. சேர்த்தால் 62 பிக்சல். முழுத் தாவலுக்கு 4 கட்ட உயரம் தேவை. கூரை 3 கட்டத்தில் இருந்தால் 26 பிக்சல் ஏறியதுமே தலை முட்டும். முட்டிய கணத்திலேயே கீழே விழத் தொடங்குவதால் கடக்கும் தூரமும் 64-இல் இருந்து 39 பிக்சலுக்கு இறங்கிவிடும். குகை மாதிரி இடங்களைச் செய்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதில்தான். பள்ளத்தின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தவறு கூரையில் இருக்கும்.

இந்த எண்கள் எல்லாம் உச்ச வரம்புகள். உடம்பின் 12 பிக்சல் அகலம் கொஞ்சம் கைகொடுக்கும்: பின்கால் இந்தக் கரையின் விளிம்பில் இருக்கும்போதே தாவலாம், முன்கால் அந்தக் கரையில் பட்டால் போதும். என்றாலும் அதை நம்பி லெவல் கட்டக் கூடாது. புதிதாக ஆடுகிறவர் விளிம்புக்கு வருமுன்பே பதறித் தாவுவார். தொடக்க லெவலில் சமமட்டப் பள்ளம் 2 அல்லது 3 கட்டம், ஏறவேண்டிய மேடு 1 அல்லது 2 கட்டம் என்று வையுங்கள். 4 கட்டப் பள்ளம் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

ஆக, ஒரு பள்ளம் தாண்டக்கூடியதா என்பதை அகலம், சேரும் இடத்தின் உயரம், மேலே உள்ள கூரை ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

## படம் ஒன்று, மோதும் எல்லை வேறொன்று

பனைமரத்தின் ஓலை எவ்வளவு விரிந்திருந்தாலும் பக்கத்தில் நடக்கிறவர் மோதிக்கொள்வது அடிமரத்தில்தான். கேமில் ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணுக்குத் தெரியும் படம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மோதல் எல்லை ஒன்று என்று இரண்டு உண்டு. மோதல் எல்லை என்பது கணினி "தொட்டுவிட்டது" என்று முடிவு செய்யப் பயன்படுத்தும் வடிவம். ஆட்டம் நியாயமாக இருக்கிறதா என்பது இதில்தான் இருக்கிறது.

ஆபத்தான பொருளுக்கு எல்லையைப் படத்தைவிடச் சிறிதாக வையுங்கள். உடைமுள் படம் 16 பிக்சல் அகலம் என்றால் எல்லை 10 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம் போதும். மயிரிழையில் தப்பியதாக நினைத்த நேரத்தில் உயிர் போனால் ஆடுகிறவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. எடுக்கவேண்டிய நுங்குக்கு நேர்மாறு: படத்தைவிட இரண்டு மூன்று பிக்சல் பெரிதாக வைத்தால் அருகில் போனதுமே கைக்கு வரும்.

ஒருவழித் தளம் என்று ஒன்று உண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தண்ணீரை மேலே விடும், திரும்பிக் கீழே விடாது. அதே மாதிரி, ஒருவழித் தளம் கீழிருந்து தாவி வரும் பேச்சியை ஊடே விட்டுவிடும். மேலே வந்ததும் தாங்கிக்கொள்ளும். ஒன்றன் மேல் ஒன்றாகத் தளங்களை அடுக்கும்போது இது இல்லாவிட்டால் பேச்சியின் தலை ஒவ்வொரு முறையும் மேல்தளத்தின் அடியில் இடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு கோளாறு தொடக்கக்காரர்களை மிகவும் வாட்டும். சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சி, எதுவுமே இல்லாத இடத்தில் திடீரென்று தட்டி நிற்பாள். தரை கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தனித்தனிப் பெட்டிகள். நாற்கர உடம்பின் கீழ்மூலை சில சமயம் அடுத்த பெட்டியின் பக்கச்சுவரில் இடித்துவிடும். தரை முழுவதற்கும் ஒரே நீள மோதல் எல்லையாக வைத்தால் சரியாகும். அல்லது பேச்சியின் எல்லையை மாத்திரை வடிவத்தில், அடி உருண்டையாக வைத்தால் இந்தத் தட்டல் பெரும்பாலும் இருக்காது.

## லேயர்: ரயில் ஜன்னலில் தெரியும் மலை

திருநெல்வேலியில் இருந்து தென்காசிக்கு ரயிலில் போகும்போது சேரன்மகாதேவி தாண்டி ஜன்னலைப் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய பனைகள் விர்ரென்று பின்னால் ஓடும், வயல்கள் மெதுவாக நகரும், மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும் கூடவே வருகிற மாதிரி இருக்கும். கேமில் இதைச் செய்ய, படங்களைக் கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர்.

பின்னால் மலையும் வானமும், அதற்கு முன் அலங்கார மரங்கள், அதற்கு முன் தரை, பிறகு ஆப்ஜெக்ட்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் புல் மாதிரிச் சில. தொடக்க லெவலுக்கு இந்த ஐந்து போதும். கேமரா 100 பிக்சல் நகரும்போது மலை 20 பிக்சல் மட்டும் நகரும்படி வைத்தால் அந்த ரயில் ஜன்னல் தோற்றம் வந்துவிடும். பின்னணியில் உள்ள பாறையும் நிற்கக்கூடிய பாறையும் ஒரே நிறத்தில் இருக்கவே கூடாது. பின்னணியை வெளிறலாக்கி, தரையை அழுத்தமான நிறத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பேச்சி வெறும் படத்தின் மேல் தாவி ஆற்றில் விழுவாள்.

## ஆற்றைத் தாண்டும் ஒரு லெவல்

இப்போது ஒன்றைச் செய்துபார்க்கலாம். லெவலின் அளவு 80 கட்டம் நீளம், 12 கட்டம் உயரம். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது 320 பிக்சல் அகலம், 180 பிக்சல் உயரம். அதாவது 20 கட்டம் அகலம். பேச்சி திரையின் நடுவில் இருந்தால் அவளுக்கு முன்னால் 10 கட்டம் தெரியும். ஓடும் வேகத்தில் அது ஒன்றே முக்கால் நொடிக்கும் குறைவு. எதிரே நொடிக்கு 48 பிக்சல் வேகத்தில் ஒரு நண்டு வந்தால் முடிவெடுக்க 1.1 நொடிதான் இருக்கும். ஆகவே எந்த ஆபத்தையும், திரையில் தெரிந்த உடனே தாவவேண்டிய இடத்தில் வைக்காதீர்கள்.

முதலில் வெறும் சாம்பல் நிறக் கட்டைகளை மட்டும் வையுங்கள். மரம், மலை, புல் எதுவும் வேண்டாம்.

1 முதல் 12-ஆவது கட்டம் வரை படித்துறைத் தரை. இங்கே எந்த ஆபத்தும் இல்லை. ஆடுகிறவர் பொத்தான்களைப் பழகும் இடம். படிகள் வைப்பதானால் ஒவ்வொரு படியும் 1 கட்டம் உயரம், 2 கட்டம் அகலம் இருக்கட்டும். 13, 14-இல் முதல் பள்ளம். அதன் ஆழம் 1 கட்டம்தான். விழுந்தால் சாக மாட்டாள், ஏறி வந்துவிடலாம். பள்ளம் என்றால் என்ன என்று எழுத்தில்லாமல் சொல்லிக்கொடுத்தாயிற்று.

15 முதல் 20 வரை தரை. அதன்பின் மெய்யான ஆறு: 3 கட்டம் தண்ணீர், 3 கட்டம் பாறை, மறுபடி 3 தண்ணீர், 3 பாறை, 3 தண்ணீர். முதல் தண்ணீருக்கு மேலே மூன்று நுங்குகளைத் தாவலின் வளைவிலேயே வையுங்கள். விளிம்பில் இருந்து 1, 2, 3 கட்டத் தூரத்தில் பேச்சியின் கால் தரைமட்டத்துக்கு மேல் 30, 40, 30 பிக்சல் உயரத்தில் இருக்கும். உடம்பின் பாதி உயரமான 11-ஐக் கூட்டினால் நுங்கின் இடம் 41, 51, 41. நுங்குக்கு ஆசைப்பட்டுத் தாவுகிறவர் தானாகவே சரியான இடத்தில் புறப்பட்டிருப்பார். லெவல் எடிட்டிங்கில் மிக அழகான வேலை இதுதான் என்று தோன்றுகிறது: வழி சொல்வது தெரியாமல் வழி சொல்வது.

36 முதல் 45 வரை மணல்திட்டு. இங்கே ஒரு சோதனைச்சாவடி, அதாவது செக்பாயின்ட் வையுங்கள். அந்தக் காலத்துச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் மாதிரிதான் இது. அதுவரை சுமந்ததை இறக்கிவைத்துவிட்டால், பிறகு விழுந்தாலும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். செக்பாயின்டுக்கு அப்புறம் முதல் உடைமுள், சமதரையில் தனியாக, இரண்டு பக்கமும் 3 கட்டம் காலியாக.

46 முதல் 56 வரை அகலமான ஆறு. தாவித் தாண்ட முடியாது. நடுவில் 3 கட்ட அகலத்தில் ஒரு வாழைத்தண்டுத் தெப்பம். அது 47-இல் தொடங்கி 6 கட்டம் வலது பக்கம் போய்த் திரும்பட்டும். நொடிக்கு 48 பிக்சல் வேகம் என்றால் போக 2 நொடி, வர 2 நொடி. தவறவிட்டவர் அதிகபட்சம் 4 நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் காக்கவைத்தால் கை பொத்தானை அமுக்கத் துடிக்கும். தெப்பம் போகும் பாதையில் கரையின் டைல் ஒன்றுகூடக் குறுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான் இரு முனையிலும் 1 கட்டம் விட்டிருக்கிறோம்.

57 முதல் 66 வரை பாலத்தூண்கள். ஒருவழித் தளங்களை 2 கட்டம் உயரம் கூட்டிக் கூட்டி வையுங்கள். பக்கவாட்டு இடைவெளி 2 கட்டத்துக்கு மேல் வேண்டாம், 46 பிக்சல் கணக்கு நினைவிருக்கும். 67-க்கு மேல் எதிர்க்கரை, பனைமரத்தடி, முடிவு.

கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. தண்ணீரின் அடியில் லெவலின் முழு நீளத்துக்கும் ஒரு ட்ரிகர் பரப்புங்கள். ட்ரிகர் என்பது யாரையும் தடுக்காமல், உள்ளே நுழைந்ததை மட்டும் கவனித்து ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் பகுதி. இங்கே அதன் வேலை, விழுந்த பேச்சியைச் செக்பாயின்டுக்குத் திருப்பி அனுப்புவது. இரண்டு மூன்று கட்டம் குறைவாக விட்டுவிட்டால் அந்த ஓட்டையில் விழுந்தவள் முடிவே இல்லாமல் விழுந்துகொண்டே இருப்பாள்; திரை மட்டும் சும்மா நிற்கும்.

இவ்வளவும் ஆடிப்பார்த்துச் சரியானபிறகுதான் மலையும் மரமும் புல்லும்.

## எங்கே கெட்டுப்போகும்

ஒரு நுங்கு எடுத்தால் கணக்கில் இரண்டு ஏறுகிறதா? ஒரே இடத்தில் இரண்டு நகல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நகலெடுத்துவிட்டு நகர்த்த மறந்தால் இப்படி ஆகும். மேலே உள்ளதை இழுத்துப் பாருங்கள், அடியில் இன்னொன்று தெரியும். முள்ளில் இது நடந்தால் ஒரே குத்தில் இரண்டு உயிர் போகும்.

முள் தரையில் இருந்து 8 பிக்சல் மிதக்கிறது, அல்லது புதைந்திருக்கிறது என்றால் பிடிப்புப் புள்ளியைப் பாருங்கள். ஓர் ஆப்ஜெக்டின் எக்ஸ், ஒய் எண்கள் அதன் உடம்பில் எந்தப் புள்ளியைக் குறிக்கின்றனவோ அதுதான் பிடிப்புப் புள்ளி. கோடோவில் படத்துக்கு அது வழக்கமாக நடுவில் இருக்கும். டைல்டில் சதுரக்கட்ட வரைபடத்தில் வைக்கும் டைல் ஆப்ஜெக்டுக்கு இடது கீழ் மூலையில். ஒன்றில் செய்ததை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது அரைக் கட்டம் தவறுவது இதனால்தான்.

பொத்தானும் கதவும் வைத்திருந்தால் இன்னொரு வம்பு. கால்வாயில் எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்பது ஏற்கெனவே தீர்மானமானது. அதே மாதிரி ஒரு பொத்தான், தான் திறக்கவேண்டிய கதவின் பெயரை வைத்திருக்கும். பொத்தானையும் கதவையும் சேர்த்து நகலெடுத்து வேறு இடத்தில் வைத்தால், சில எடிட்டர்களில் புதுப் பொத்தான் பழைய கதவையே திறந்துகொண்டிருக்கும். நகலெடுத்த கையோடு பெயரை மாற்றி, இணைப்பைத் திருத்திவிடுங்கள். "கதவு2_நகல்_நகல்" என்ற பெயர் மூன்று நாளில் உங்களுக்கே புரியாது. "கதவு_பாலத்தடி" என்றால் எப்போதும் புரியும்.

பெரிய மாற்றம் செய்யும் முன் கோப்பை ஆறு_01, ஆறு_02 என்று எண் போட்டுத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். எடிட்டரை மூடித் திறந்தபிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும் என்று நம்பக் கூடாது.

பிறகு லெவலை அதைப் பார்த்தே இராத ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, சித்தி மகள், யாராக இருந்தாலும் சரி. நீங்கள் இருநூறு தடவை ஆடியிருப்பீர்கள், உங்கள் விரலுக்கு எல்லாப் பள்ளமும் மனப்பாடம். உங்கள் தீர்ப்பு இனிச் செல்லாது. அவர்கள் தடுமாறும்போது "ஏல, அங்க இல்ல, மேல போல" என்று வாய் வரைக்கும் வரும். சொல்லாமல், எத்தனையாவது கட்டத்தில் விழுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் விழுந்தால், அந்தப் பள்ளத்தில் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு, அதற்கு முந்தைய செக்பாயின்டில் இருந்து மறுபடி அவர்களிடமே ஆடக் கொடுங்கள்.